வண்டிக்கு முந்திப் போன சத்தம்

செல்வக்கனியின் குடும்பம் வேனில் ஏறி உட்கார்ந்தால் முதல் மூன்று கிலோமீட்டருக்கு எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள், நாலாவது கிலோமீட்டரில் செங்கல் சூளை தாண்டியதும் யாராவது ஒருவர் வாயைத் திறப்பார், அதோடு சரி, மகள் வடிவு படிக்கிற காலேஜின் ஹாஸ்டல் வாசல் வரைக்கும் நாற்பத்தாறு கிலோமீட்டரும் சண்டைதான். கேஸை அடைத்தோமா இல்லையா என்று தொடங்கும், மாடிக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்று ஏறும், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பந்தியில் யார் இலைக்கு அப்பளம் வராமல் போனது என்பதில் போய் நிற்கும். பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கனி, இன்னொருவன் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற அவள் கொழுந்தன் இசக்கிராஜ், கல்யாணம் ஆகாதவன், வண்டி ஓட்டத் தெரியாதவன், ஆனால் எந்த வளைவில் எந்த கியர் போட வேண்டும் என்று தெரிந்தவன். கனியின் புருஷன் மாசானமுத்து வெல்டிங் பட்டறைக்காரர். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வருவார்.

சனிக்கிழமை காலையில் வடிவைக் கூப்பிட்டு வரப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவார்கள். வாரத்துக்கு நாலு நடை, நாலு சண்டை. இதற்கு ஒரே வழி வண்டிக்கு நல்ல ஸ்பீக்கர் போடுவதுதான் என்று கனி ஒரு நாள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தாள். வண்டியில் இருந்த பழைய செட் எஃப்.எம்மில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் துப்பும். அதை வைத்து இசக்கிராஜின் வாயை அடைக்க முடியாது.

டவுனில் ஆடியோ கடை வைத்திருந்த ஜெய்லானியிடம் போய், ஏழாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்றாள்.

"எக்கா, ஏழாயிரத்துக்கு ஸ்பீக்கர் வரும், ஆம்ப் வராது. ஆம்ப் வாங்கினா பாக்ஸ் வராது."

"பழசு இருக்குல்லா?"

"பழசுன்னா இருக்கு. ஆனா சத்தம் நாலு தெருவுக்கெல்லாம் கேக்காது, அத இப்பமே சொல்லிருதேன்."

"நாலு தெருவுக்கு எதுக்குத் தம்பி? வண்டிக்குள்ள சண்டைச் சத்தம் என் காதுல விழப்பிடாது. அம்புட்டுத்தான் எனக்கு வேண்டியது."

ஜெய்லானி தலையை ஆட்டிக்கொண்டு வேலையில் இறங்கினான். உடைக்கப் போட்ட காரில் இருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர் கதவுகளுக்குப் போயிற்று, மைக் செட் தொழிலை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்தவரிடமிருந்து சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் வந்தது, கனத்த சத்தத்துக்கென்று, கிழிந்த இடத்தில் பசை வைத்து ஒட்டிய பெரிய ஊஃபர் ஒன்று கடை மூலையில் கிடந்தது. ஊஃபருக்குப் பலகைப் பெட்டி அடிக்கக் காசு போதவில்லை. கனி வீட்டுக்குப் போய்த் தன் சீர்வரிசையில் வந்த பித்தளைக் குத்துப்போணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கும் போணி அது. அதன் வாயில் ஊஃபர் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. கதவு அதிராமல் இருக்க உள்ளே ஒட்டுகிற தார் ஷீட்டுக்குப் பதிலாகக் கால்மிதிக்கு வாங்கிய கயிற்றுப் பாயை வெட்டி ஒட்டினார்கள். பேட்டரியில் இருந்து நேராக ஒரு வயர், நடுவில் ஒரு ஃபியூஸ். வேலை முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை செங்கல் சூளை தாண்டியதும் இசக்கிராஜ், "அண்ணே, இந்த ரோட்டுக்குப் பதிலா நாம மேல ரோட்டுல..." என்று தொடங்கினான். கனி கையை நீட்டி சுவிட்சைப் போட்டாள். பாட்டு வரவில்லை. அதோடு என்ஜின் சத்தமும் வரவில்லை, டயர் சத்தமும் வரவில்லை, இசக்கிராஜின் வாய் திறந்து மூடுவது கண்ணாடியில் தெரிந்ததே தவிர ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. கனி இருமிப் பார்த்தாள். நெஞ்சு அதிர்ந்தது, சத்தம் இல்லை. சுவிட்சை அணைத்தாள். "...சொல்லுதத யாரு கேக்கா" என்று இசக்கிராஜின் குரல் வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி எல்லாம் போயிற்று. கிணற்றுத் தண்ணீருக்குள் முழுகி உட்கார்ந்ததுபோல் இருந்தது. கெட்டுப்போன செட்டைத் தலையில் கட்டிவிட்டானே ஜெய்லானி என்று ஒரு நிமிஷம் கோபப்பட்டாள், அடுத்த நிமிஷம் சீட்டில் சாய்ந்து, பனைகள் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக அவள் வண்டியில் போனதில்லை.

பாதி வழியில் கூட்டப்பாறை. அங்கே ரோஸ்மேரி அக்காவின் டீக்கடையில் வண்டியை நிறுத்துவது வழக்கம். அன்றைக்கு இவர்கள் இறங்கும்போதே பெஞ்சில் மூன்று கிளாஸ் டீ ஆடை கட்டாமல் ஆவியோடு காத்திருந்தது, மாசானமுத்துவுக்குச் சீனி இல்லாதது தனியாக.

"எப்படிக்கா நாங்க வாறது தெரியும்?"

"நல்லாக் கேட்ட போ. அரைமணி நேரத்துக்கு முந்தி ஒங்க வண்டிப் பாட்டு இந்த ரோட்டோட போச்சே. வண்டியக் காணோம், தூசி கெளம்பல, பாட்டு மட்டும் கெழக்க இருந்து வந்து மேக்க போச்சு. போணிக்குள்ள இருந்து வாற மாதிரி என்னா கனம்! பெஞ்சில வச்ச கிளாஸெல்லாம் கிணுகிணுங்குது." ரோஸ்மேரி இசக்கிராஜின் பக்கம் திரும்பினாள். "நீ தகரம் தகரம்னு கத்திட்டு வந்ததும் கேட்டுச்சு. ஓடு போடுததுதாம்ல சரி. ஒங்க மைனி சொல்லுதது ஞாயம். தகரம் போட்டா வெயில்ல வெந்துருவிய."

வண்டிக்குள் போட்ட சத்தமெல்லாம், பாட்டும் சண்டையும் தும்மலும், வண்டிக்கு அரைமணி நேரம் முந்திக்கொண்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் போகிறது என்பது இப்படித்தான் தெரிந்தது. ஜெய்லானி வந்து வயரை மாற்றிப் பார்த்தான், ஃபியூஸை மாற்றிப் பார்த்தான், கடைசியில் போணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல சுத்தமான சத்தம் இந்த விலைக்குக் கிடைக்காதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு காரணத்தை யாரும் தேடவில்லை.

ரோட்டோரத்து ஊர்கள் அதை மழைபோல் எடுத்துக்கொண்டன. சனிக்கிழமை பாட்டு கேட்டதும் கூட்டப்பாறையில் உலை வைத்தார்கள், நல்லான்விளையில் வாத்தியார் சனிக்கிழமை வகுப்பை விட்டார், ரோட்டில் நெல்லோ மிளகாயோ காயப் போட்டிருந்தவர்கள் வண்டி வரும் பக்கத்தை மட்டும் கூட்டி அள்ளினார்கள். வண்டி கடந்து போவதுபோல் சத்தமும் கடந்து போவதால் ஒவ்வொரு ஊருக்கும் சண்டையில் ஒரு துண்டுதான் கிடைத்தது. கூட்டப்பாறைக்குத் தொடக்கம் கிடைக்கும், நல்லான்விளைக்கு நடு கிடைக்கும், காலேஜுக்குப் பக்கத்து ஊருக்கு முடிவு கிடைக்கும், ஆகையால் சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஊருக்கு ஊர் போன் போட்டு, "அப்பளத்துக்கு என்ன பதில் சொன்னா?" என்று கேட்டு முழுசாகச் சேர்த்துக்கொண்டார்கள். கனி கட்சி என்றும் கொழுந்தன் கட்சி என்றும் பிரிந்தார்கள். வேண்டிய பாட்டைச் சிலேட்டில் எழுதிப் புளியமரத்தில் மாட்டினார்கள். கனியும் லேசுப்பட்டவள் இல்லை. வண்டிக்குள் இருந்தபடி, "நல்லான்விளை ஆளுக, பனங்கிழங்கு இருந்தா ரெண்டு கட்டு எடுத்து வைங்க" என்று சத்தமில்லாமல் கத்துவாள், போய் இறங்கும்போது கிழங்கு அவித்தே இருக்கும்.

ஒருநாள் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் அதிகச் சத்தம் என்று வழக்குப் போட வந்தார். வண்டியை நிறுத்தி, உள்ளே ஏறி உட்கார்ந்து செட்டைப் போடச் சொன்னார். தன் அதட்டலே தனக்குக் கேட்காமல் போனதில் கொஞ்சம் கலங்கிவிட்டார். வண்டி வராத இடத்தில், வண்டி வராத நேரத்தில் வந்த சத்தத்தை எந்தப் பிரிவில் எழுதுவது என்று யோசித்து, இன்ஷூரன்ஸ் பேப்பரை மட்டும் பார்த்துவிட்டு, தன் ஊர்ப் பக்கம் எப்போது போவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படி ஒரு நாலு மாசம் சந்தோஷமாகப் போயிற்று. அதற்குப் பிறகுதான் கனிக்கு ரோட்டில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. புளியமரங்களுக்கெல்லாம் இடுப்பளவு வெள்ளை அடித்திருந்தது. வேகத்தடைகளில் சுண்ணாம்புக் கோடு பளீரென்று இருந்தது. ஆடுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள், ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஆள் சிவப்புத் துண்டால் முதுகைத் துடைப்பதுபோல் வீசிக்கொண்டு நின்றான். ஏதாவது மந்திரி வருகிறாரோ என்று நினைத்தாள். எந்த மந்திரியும் வரவில்லை. டீக்கடையில் எல்லாரும் மாசானமுத்துவின் கையைப் பிடித்து இறக்கி உட்கார வைத்தார்கள்; கிளாஸைக் கையிலேயே கொடுத்தார்கள். ரோஸ்மேரி கனியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"என்னக்கா, ரோடே ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. திருவிழா வருதுல்லா."

"எந்தத் திருவிழா?"

"ஏதாவது வரும்," என்று சொல்லிவிட்டு ரோஸ்மேரி பாலை ஆற்றப் போய்விட்டாள்.

திரும்பும்போது கனி புருஷனைக் கவனித்தாள். சுவிட்சைப் போட்டதும் அவர் உதடு அசைந்தது. பாட்டுக்குக் கூடப் பாடுகிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அது பாடுகிற வாயாக இல்லை, யாரிடமோ நின்று நிதானமாகப் பேசுகிற வாயாக இருந்தது. இந்த மனுஷன் வீட்டில் பேசாததை ரோட்டிடம் பேசுகிறார். நாற்பத்தாறு கிலோமீட்டருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை, தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறிக் கூட்டப்பாறையில் இறங்கினாள். ரோஸ்மேரி அவளைப் பார்த்ததும் வடைச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இங்க எதுக்கும்மா வந்த? தண்ணி எடுக்கப் பின்னால வாயேன், ஒரு விஷயம் காட்டுதேன்."

"காட்ட வேண்டாம்க்கா. கேட்டுட்டுப் போறேன்."

பெஞ்சில் உட்கார்ந்தாள். கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். எட்டேகால் மணிக்குக் கிழக்கே போணி அதிர்கிற சத்தம் கேட்டது, கிளாஸ்கள் கிணுகிணுத்தன, பாட்டு வந்தது, பாட்டுக்கு மேலே டயரில் காற்று குறைவு என்று இசக்கிராஜ் யாரும் கேட்காமல் சொல்லிக்கொண்டு வந்தான், அதற்கும் நடுவே, ஆளில்லாத ரோட்டில், மாசானமுத்துவின் குரல் பக்கத்தில் நடந்து வருவதுபோல் வந்தது.

"கூட்டப்பாறை ஆளுகளே, நான்தான். எல்லாரும் சௌக்கியமா? இன்னைக்கு எடது கண்ணுல பனி கூடத்தான் இருக்கு. வலது கண்ணுல பஸ்ஸு ரெண்டாத் தெரியுது, ரெண்டுல எது நெசம்னு பாத்து ஒதுங்குதேன். போன புதன்கெழமை பட்டறைக்கு இரும்பு எடுக்க வந்தப்போ பால்காரத் தம்பி கேனத் தட்டிட்டேன், மன்னிச்சிக்க தம்பி. வெள்ளை அடிச்சது நல்லாத் தெரியுது. யக்கா, நீங்க சொன்ன மாதிரி முப்பதுக்கு மேல போகல. கனிகிட்ட மட்டும் யாரும் சொல்லிராதீய. கண்ணுல கத்தி வைப்பாங்கன்னு நெனச்சாலே எனக்குக் கையெல்லாம் வேர்க்கு. அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் ஓட்டலன்னா இந்தச் சனிக்கெழமை இல்ல. பட்டறையும் தையலுமா ஓடுத பொழப்புல அவ ஏம் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கது இந்த ஒண்ணரை மணி நேரந்தான். அவகிட்ட சொல்லணும்னுதான் வாயத் தொறக்கேன். அதுக்குள்ள அவ நாலு சொல்லிருதா..."

கடையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். குரல் பாறையைத் தாண்டி மேற்கே போய்த் தேய்ந்தது. கனிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது; எது முதலில் வந்தது என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை.

"எத்தன நாளா?" என்றாள்.

"ஒரு மாசமா," என்றாள் ரோஸ்மேரி. "சொல்லிருவோம்னு பாதிப் பேரு, சொல்லப்பிடாதுன்னு பாதிப் பேரு. அரைமணி நேரம் முந்தியே தெரியுதே, அதுக்குள்ள ரோட்டத் தொடச்சி வச்சிருவோம்னு ஓட்டிட்டோம். தப்புத்தாம்மா. பால் கேன் விழுந்த அன்னைக்கே சொல்லிருக்கணும்."

அரைமணி நேரம் கனி அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரைமணி நேரம் வந்ததில்லை. எதிரில் வந்த லாரியை இரண்டு பேர் ஓடிப்போய் நிறுத்தி ஓரங்கட்டினார்கள். கடைசியில் வேன் வளைவில் தலைகாட்டி, வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டு வண்டிபோல் ஊர்ந்து வந்து நின்றது. மாசானமுத்து இறங்கினார். எதிரே நிற்பது யார் என்று அவருக்குப் பத்தடிக்கு இந்தப் பக்கம் வரும் வரைக்கும் தெரியவில்லை. சேலையின் பச்சையைப் பார்த்துத்தான் நின்றார்.

"கனியா? தங்கச்சி வீட்டுக்குல்லா போன?"

கனி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நூறு இருந்தது. ரோஸ்மேரி உட்பட அத்தனை பேரும் அந்த நூறுக்காகக் காத்திருந்தார்கள்.

"சாவியத் தாங்க," என்றாள்.

"ஒனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"தெரிஞ்சிக்கிடுதேன்."

அன்றைக்கு ரோஸ்மேரிதான் வேனை வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து விட்டாள், வடிவு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமை முதல், செத்துப்போன புருஷனின் லோடு ஆட்டோவைப் பதினைந்து வருஷம் ஓட்டியிருந்த ரோஸ்மேரி, கனிக்கு வண்டி பழக்கினாள். செட்டைப் போட்டுக்கொண்டுதான் பழகினார்கள்; கிளட்ச் கதறுவதும் கனி திட்டுவதும் அரைமணி முந்திக் கேட்டதால் கோழிகூடக் குறுக்கே வரவில்லை. பின் சீட்டில் இருந்து இசக்கிராஜ் கொடுத்த யோசனைகளெல்லாம் அவள் காதில் விழாமல் நல்லான்விளைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒருவன் அதைக் கேட்டே டிராக்டர் ஓட்டப் பழகிக்கொண்டான் என்று சொல்கிறார்கள். நாற்பத்தைந்தாவது நாள் லைசென்ஸ் வந்தது. அதற்கு அடுத்த வாரம் கனி மாசானமுத்துவைப் பக்கத்தில் உட்கார வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

கண்புரைதான், இருபது நிமிஷ வேலை என்றார் டாக்டர். மாசானமுத்துவின் கை வேர்த்தது. உள்ளே அழைத்துப் போகும் வரைக்கும் கனி அந்தக் கையை விடவில்லை. ஒரு கண் முடிந்து, மூன்று வாரம் கழித்து இன்னொரு கண்ணும் முடிந்தது. முதல் கண்ணின் கட்டைப் பிரித்த அன்றைக்கு அவர் முதலில் நர்ஸைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், பிறகு கனியைப் பார்த்து, "எப்ப இம்புட்டு நரைச்சிது ஒனக்கு?" என்றார். வார்டே சிரித்தது. கனி மருந்துச் சீட்டால் அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

கண் சரியான பிறகும் சாவி கனியிடம்தான் இருந்தது. அவர் கேட்கவும் இல்லை.

மாடிக்கு ஓடு போடுகிற வேலை தொடங்கிய சனிக்கிழமை, கொத்தனாருக்கு யோசனை சொல்ல இசக்கிராஜ் வீட்டிலேயே தங்கிவிட்டான். வேனில் இரண்டு பேர் மட்டும். செங்கல் சூளை தாண்டியது. மாசானமுத்து கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் செட்டைப் போடக் கையை நீட்டினார். கனி அந்தக் கையைத் தடுத்தாள். என்ஜின் இரைந்தது, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"ரோட்டுக்கிட்ட சொன்னதெல்லாம் என்கிட்ட சொல்லுங்க," என்றாள்.

"எதச் சொல்ல?"

"மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் நடுவுல பேச மாட்டேன்."

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, கல்யாணப் பந்தியில் அப்பளம் கிடைக்காமல் போனது தனக்குத்தான் என்று தொடங்கினார்.

கூட்டப்பாறையில் எட்டேகால் ஆகியும் சத்தம் வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. உலை வைக்க இருந்தவர்கள் வைக்கவில்லை, ரோஸ்மேரி காய்ச்சிய பாலை இறக்கி வைத்துவிட்டாள், வண்டிக்கு என்ன ஆயிற்றோ என்று ஆட்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். யாரும் எதிர்பார்க்காதபோது, ஒரு அறிவிப்பும் இல்லாமல், வேன் வளைவைத் திரும்பி வந்து கடைக்கு முன்னால் நின்றது. கனி என்ஜினை அணைத்தாள். இரண்டு பேரும் இறங்கவில்லை. ஏற்றிவிட்ட கண்ணாடிக்கு உள்ளே மாசானமுத்துவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, இரண்டு கையும் காற்றில் ஏதேதோ வரைந்தன, கனி ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு தடவை குலுங்கிச் சிரித்தாள். வெளியே இருந்தவர்களுக்கு ஒரு சொல் கேட்கவில்லை. பால்காரத் தம்பி கண்ணாடியில் காதை வைக்கப் போனான். ரோஸ்மேரி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"விடு. முடிச்சிட்டு வரட்டும்," என்றாள். பிறகு பாலை மறுபடி அடுப்பில் ஏற்றி, அவசரமில்லாமல் தீயைக் குறைத்து வைத்தாள்.